நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் ‘நாளை’யும் ஓகாரமும்

திருநாளைப்போவார் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. ஒருவர் நாள்தோறும் கூறிவந்த சொல்லே அவருக்குப் பெயராகி நிலைத்தது. தில்லைக்கு நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே அவர் பல நாட்களைக் கழித்தார். போகாத நாட்களே பெயரைத் தந்தன. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் ஒரு தொடரால் இவ்வடியாரை வணங்கிச் சென்றார். நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாட்டால் இவரது ஊரையும் குலத்தையும் முடிவையும் கூறினார். சேக்கிழார் பெருமான் முப்பத்தேழு திருவிருத்தங்களில் வரலாற்றை விரித்தார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து, அவ்வரலாற்றைக் கையிலெடுத்து இசை நாடகமாக்கியவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

சேக்கிழார் நூலையும் பாரதியார் நூலையும் அருகருகே வைத்துப் படிப்பார்க்கு முதலில் தோன்றும் வினா ஒன்று உண்டு. அந்த ‘நாளை’ ஏன் நேர்ந்தது? நந்தனாரைத் தடுத்தது யாது? இவ்வினாவிற்கு இரண்டு நூல்களும் இரண்டு விடைகளைத் தருகின்றன. பாரதியாரின் விடையே அவருடைய கீர்த்தனையின் இசைவடிவத்தையும் சொல்வடிவத்தையும், பிற்காலத்தில் அது பெற்ற செல்வாக்கையும் வகுத்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பெரியபுராணத்து நந்தனார்க்கு ஆண்டை இல்லை. இது நன்கு கருதத்தக்கது. மேற்காநாட்டு ஆதனூரில் கொள்ளிடக் கரையை அடுத்த வயல்வளத்தையும், ஊரின் புறத்தே அமைந்த சேரியின் குடில்களையும், அங்கே ஓடி விளையாடும் சிறுவரையும் கோழிகளையும் நாய்க்குட்டிகளையும் சேக்கிழார் வரைந்து காட்டும் பகுதி, பெரியபுராணத்திலேயே தனிச்சிறப்புடையது. அரசனுக்கு அமைச்சராக இருந்த புலவர் ஒருவர் சேரியினுள்ளே நின்று கண்டதுபோல எழுதியது வியப்பிற்குரியது. அச்சேரியில் வாழ்ந்த நந்தனார், ஊரார் விட்டுள்ள மானிய நிலமாகிய பறைத்துடவையின் விளைவை உணவுரிமையாகக் கொண்டவர். கோயிற் பேரிகைகளுக்குப் போர்வைத்தோலும் விசிவாரும் தருவார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு தருவார். அருச்சனைக்குக் கோரோசனை தருவார். திருப்புன்கூரில் வாயிலின் புறத்தே நின்று வணங்க விரும்பினார், நந்தி விலகிற்று, அங்கே குளமும் அகழ்ந்தார். பின்னர்த் தில்லை வேட்கை எழுந்தது. இரவெல்லாம் துயிலார். விடிந்தால், தம் குலத்திற்கு அங்குச் சென்று வணங்கும் பேறு பொருந்தாது என்று தாமே எண்ணி நிற்பார். மீண்டும் காதல் மீதூர, நாளைப் போவேன் என்பார். இங்கே ‘நாளை’ என்பது உள்ளத்தினுள் நிகழும் போர். தடை வெளியே எழுந்து நின்று பேசவில்லை. ஊர் வழக்கும் உலக ஒழுக்கமும் அவர் நெஞ்சினுள்ளேயே குடிபுகுந்து தடையாகிவிட்டன. ஒருவனைப் பிறர் தடுப்பதைக் காட்டிலும் அவன் தன்னைத் தானே தடுத்துக்கொள்ளுமாறு செய்யும் வழக்கம் கொடியது என்பதைச் சேக்கிழார் உணர்ந்தே பாடினாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பாரதியார் இந்தத் தடையை நெஞ்சினின்றும் எடுத்து வயலில் நிறுத்தினார். அதற்கு ஓர் உருவும் குரலும் கொடுத்தார். அவ்வுருவே வேதியர். நந்தன் அவருடைய பண்ணையாள். தில்லைக்குச் செல்ல விடை வேண்டி அவர்முன் நிற்கிறான். வேதியர் சினக்கிறார், இகழ்கிறார், காலம் கடத்துகிறார், இறுதியில், நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்று நடவாத ஒன்றைக் கட்டளையாக இடுகிறார். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே இருநூற்றறுபது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்து வேலையை ஒருவன் தலைமேல் ஏற்றினார். இரவோடிரவாகச் சிவபெருமானின் பூதகணங்கள் அவ்வேலையை முடிக்கின்றன. விடியலில் விளைந்த வயலைக் கண்ட வேதியர் தம் அடிமையின் காலில் விழுகிறார். இவற்றுள் ஒன்றும் சேக்கிழார் நூலில் இல்லை.

இம்மாற்றத்தால் ‘நாளை’ என்னும் சொல்லின் பொருளே வேறாயிற்று. சேக்கிழாரிடத்தில் அது அடியார் தம்மை நோக்கிச் சொல்லிக்கொள்ளும் சொல். பாரதியாரிடத்தில் அதன் பின்னே ஆண்டையின் ‘இன்றில்லை’ என்னும் சொல் நிற்கிறது. ஒன்று தயக்கம், மற்றொன்று மறுக்கப்பட்ட விடுப்பு.

மூலநூலை மீறியது குற்றம் என்பார் உண்டு. சைவப் பற்றுடையார் சிலர் இல்லாத வேதியரைப் படைத்ததைப் பொறாதவராயினர். இசைநாடக மரபில் பாரதியார்க்கு முன்னோடியான சீகாழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இராமநாடகக் கீர்த்தனை இயற்றியபோது பெரும்பாலும் கம்பர் வழியே நடந்தார். அவர் செய்தது பெருங்காப்பியத்தை இசைக்கு இணக்கிய தொண்டு. பாரதியார் செய்தது வேறு. முப்பத்தேழு பாடல்களில் அகப்போராட்டமாக அமைந்த ஒரு வரலாற்றை, பலர் முன்னிலையில் பாடி நடத்தும் கதையாக்க வேண்டுமாயின், எதிர்நின்று பேச ஒருவர் வேண்டும். நாடகத்தின் இவ்வியல்பு ஒரு காரணம். அஃது ஒன்றே காரணமாயின் வேறு யாரேனும் ஒரு பகைவரைப் படைத்திருக்கலாம். நிலமுடைய அந்தணரைப் படைத்தது ஏன்? விடை நூலுக்கு வெளியே, பாரதியார் நடந்து திரிந்த காவிரிப் படுகையில் கிடைக்கிறது.

பாரதியார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திற்கு அண்மையிலுள்ள நரிமணத்தில் இசைப்பயிற்சியுடைய அந்தணர் குடியில் தோன்றினார். தந்தையார் இராமசாமி பாரதியார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் வாழ்ந்தார். மாயூரத்தில் கோவிந்த சிவம் என்பாரிடம் அத்துவைத நூல்களைப் பயின்றார். திருவிடைமருதூரில் மராத்திய அரசகுலத்தைச் சார்ந்த அமரசிம்மரின் அவையிலிருந்த இராமதாசரிடம் இந்துஸ்தானி இசையைக் கற்றார். மணம் செய்துகொள்ளவில்லை, உடைமை ஒன்றும் சேர்க்கவில்லை. இவ்வூர்கள் யாவும் நெல் விளையும் ஊர்கள்; நிலம் மிராசுதாரர்க்கும் உழைப்பு பண்ணையாட்களுக்கும் எனப் பிரிந்துகிடந்த ஊர்கள். இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஏற்பை நீக்கிய ஆணை 1843இல் பிறந்தது. ஆயினும் தஞ்சை வயல்களில் பண்ணையாள் முறை பெயரளவில் மாறி நடைமுறையில் நீடித்தது. 1952ஆம் ஆண்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயற்றவேண்டியிருந்தமையே அதற்குச் சான்று. ஆகவே பாரதியார் படைத்த வேதியர் கற்பனையே எனினும், காணாததைக் கண்ட கற்பனையன்று. கேட்போர் கூட்டத்தின் முன்வரிசையிலேயே அத்தகையோர் பலர் அமர்ந்திருந்திருப்பர். பாடியவரும் அக்குலத்தவரே. இத்துணிவை நாம் குறைத்து மதித்தலாகாது.

இனி இசைவடிவத்திற்கு வருவோம். நந்தனார் சரித்திரத்தில் கீர்த்தனைகள் மட்டுமல்ல, விருத்தம், கொச்சகம், இருசொல்லலங்காரம், சிந்து, நொண்டிச்சிந்து, ஆனந்தக்களிப்பு, துவிபதை, தண்டகம், மராத்தியர்வழி வந்த லாவணி ஆகியனவும் விரவிவருகின்றன. புலமையோர் வடிவமும் பொதுமக்கள் வடிவமும் இவ்வாறு ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்பது, கதையின் பொருளோடு ஒத்திருக்கிறது. சேரியின் பேச்சும் அக்கிரகாரத்தின் பேச்சும் அந்நூலில் அடுத்தடுத்தே வருகின்றன. எனினும் கதையின் உயிர்நிலைகளில் பாரதியார் கீர்த்தனை வடிவத்தையே நாடினார். அதற்குக் காரணம் பல்லவி.

பல்லவி என்பது திரும்பத் திரும்ப வருவது. அனுபல்லவி பாடியபின் பல்லவிக்கு மீளவேண்டும். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் மீளவேண்டும். விருத்தத்தில் பொருள் முன்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கும். கீர்த்தனையில் அது சென்று சென்று தொடங்கிய இடத்திற்கே வந்துசேரும். பெரும்பாலான கீர்த்தனைகளில் இம்மீட்சி இசையழகிற்கு உதவுவதோடு அமையும். நந்தன் பாடும் கீர்த்தனைகளில் அது கதைப்பொருளாகவே ஆகிவிடுகிறது. விடை கேட்கிறான், காரணங்களைச் சொல்கிறான், மீண்டும் விடை கேட்கிறான். தன் எளிமையை விரிக்கிறான். மீண்டும் அதே வினா. நாள்தோறும் ஒரே விண்ணப்பத்தோடு ஆண்டையின் வாயிலில் நிற்பவனின் வாழ்க்கையும், சரணந்தோறும் ஒரே பல்லவிக்கு மீளும் இசையும் ஒன்றாகிவிடுகின்றன. ‘நாளை’ என்னும் சொல்லைப் பாட்டு உரைக்காவிட்டாலும் அதன் அமைப்பு அச்சொல்லையே உரைத்துக்கொண்டிருக்கிறது.

அப்பல்லவிகளின் சொல்லமைப்பை நோக்கினால் மற்றொன்று புலனாகும். பாரதியாருடைய புகழ்பெற்ற பாடல்கள் பல ஓகார இடைச்சொல்லோடு தொடங்குவன: வருகலாமோ, இருப்பேனோ, வருவாரோ, சிதம்பரமோ என்றவாறு. தொல்காப்பியர் இடையியலில் ஓகாரம் பிரிநிலை, வினா, எதிர்மறை, ஒழியிசை, தெரிநிலை, சிறப்பு என ஆறு பொருளில் வரும் என்றார். நன்னூலார் கழிவு, அசைநிலை என்னும் இரண்டையும் கூட்டி எட்டாக்கினார். இவ்வகைகளைக் கொண்டு பாரதியாரின் பல்லவிகளை நோக்குதல் பயனுடையது.

‘வருகலாமோ’ என்பதில் உள்ளது வினா. தில்லையின் எல்லையில் நின்று, உள்ளே வரலாகுமா என்று நந்தன் கேட்பது. ‘போகாமல் இருப்பேனோ’ என்பதில் உள்ளது எதிர்மறை. இரேன், போயே தீர்வேன் என்பது கருத்து. வடிவில் இரண்டும் ஒன்று. ஆயினும் ஒன்று பணிவின் எல்லை, மற்றொன்று உறுதியின் எல்லை. ‘வருவாரோ’ என்பதில் வினாவும் ஐயமும் கலந்து, வாராது போவாரோ என்னும் இரக்கமும் தொனிக்கிறது. நடம்புரியும் தில்லையை வியக்கும் ‘சிதம்பரமோ’ என்பதில் சிறப்பு மேலோங்கி நிற்கிறது. ஒரே இடைச்சொல்லை அடிமையின் விண்ணப்பத்திற்கும் அடியாரின் துணிவிற்கும் காதலரது ஐயத்திற்கும் வியப்பிற்கும் ஆளுதல் தற்செயலாக நேர்வதன்று. அதிகாரமுடையான் கட்டளையாகப் பேசுவான். அஃதில்லாதான் வினாவாகவே பேசவேண்டும். தன் உறுதியைக்கூட அவன் வினாவின் போர்வையில் மறைத்தே சொல்லவேண்டியிருக்கிறது. ‘போவேன்’ என்று நேரே சொல்ல இயலாதவன் ‘போகாமல் இருப்பேனோ’ என்கிறான். வேதியரின் பாட்டுக்களில் வரும் வினாக்களோ இகழ்ச்சி வினாக்கள், விடையை எதிர்பாராதவை.

இதற்கு இசைப்பயனும் உண்டு. ஓகாரம் நெடில், வாய் திறந்து நீட்டி ஒலிக்க இசைவது, கார்வை கொடுத்து நிறுத்துவதற்கும், அதன்மேல் இராகச்சாயையைப் படரவிடுவதற்கும் இடந்தருவது. மெய்யில் முடியும் சொல்லிற்கு இவ்வசதி இல்லை. பொருளால் முடிவுபெறாத வினா, ஒலியாலும் முடிவுபெறாமல் நீண்டு நிற்கிறது. ‘வருகலாமோ’ மாஞ்சி இராகத்தில் அமைந்தது. மாஞ்சி பைரவிக்கு மிக அணித்தான இராகம். விரைந்து பாடினால் பைரவியினுள் மறைந்துவிடும். தயங்கித் தயங்கி, சுரத்தைச் சுரத்தோடு இழைத்துப் பாடும்போதே தன் உருவைக் காட்டும். அதில் அமைந்த உருப்படிகளும் சிலவே. வாயிலில் நின்று அடியெடுத்து வைக்க அஞ்சுகின்ற ஒருவனுக்கு இதனினும் பொருந்திய இராகத்தைக் காண்டல் அரிது.

‘வருகலாமோ’ என்னும் அச்சொல்லே இலக்கணத்தார்க்கு இடர்ப்பாடு தருவது. வர என்னும் எச்சத்தோடு கூடி ‘வரலாமோ’ என வருவதே நேரிய வடிவம். பாரதியார் அதனை அறியாதவரல்லர். ‘வரலாமோ’ என்பதில் இரு குறில்களைக் கடந்த உடனே நெடில் வந்துவிடுகிறது. கேள்வி விரைவில் வெளிப்பட்டுவிடுகிறது. ‘வருகலாமோ’ என்பதில் மூன்று குறில்கள் படிப்படியாய் முன்சென்று, பின்னரே நெடில்கள் வருகின்றன. கேட்க வந்ததைக் கேட்கத் துணியாத தயக்கத்திற்கு அந்த ஓரெழுத்து இடந்தருகிறது. இது பிழையா, இசைநோக்கிய திரிபா? இங்கே தமிழ்ப் புலமை வரலாற்றில் நிகழ்ந்த ஒரு சிறு வழக்கை நினைவுகூர்தல் தகும்.

மாயூரத்தில் பாரதியார் வாழ்ந்த நாளில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களும் (1815-1876) அங்கே வாழ்ந்தார்கள். நந்தனார் சரித்திரம் பல ஊர்களிலும் பாடப்பெற்றுப் புகழடைந்து, காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அலுவலர் ஒருவரின் ஆதரவால் அச்சேற முனைந்தபோது, பாரதியார் பிள்ளையவர்களை அணுகிச் சிறப்புப்பாயிரம் வேண்டினார். இலக்கண வழுக்கள் மலிந்த நூலுக்குப் பாயிரம் அளிக்கப் பிள்ளையவர்களின் உள்ளம் இடங்கொடுக்கவில்லை. மூலக்கதையினின்றும் வேறுபட்டிருந்ததும் அவர்களுக்கு உடன்பாடாக இல்லை. வெளிப்படையாக மறுக்கவும் மனமில்லாமல், பிறகு பார்க்கலாம் என்று பலமுறை சொல்லி அனுப்பினார்கள். நந்தனைப் பாடியவருக்கும் ‘நாளை’ என்பதே விடையாகக் கிடைத்தது! ஒருநாள் பிள்ளையவர்கள் பகலில் உறங்கிக்கொண்டிருக்க, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தமக்குத்தாமே பாடிக்கொண்டிருந்தார். விழித்துக் கேட்ட பிள்ளையவர்கள் உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார்கள். இதனை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதிவைத்துள்ளார்கள்.

ஐயரவர்களின் வாழ்க்கையிலும் இவ்விருவரும் எதிரெதிர் நின்றனர். 1871இல் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்க வந்த இளைஞர் சாமிநாதையர், தந்தையாரின் விருப்பத்தால் பாரதியாரிடம் இசையும் பயின்றார். இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியத்தில் மனம் பொருந்தாது என்பது பிள்ளையவர்களின் கருத்தாதலை அறிந்து அப்பயிற்சியை நிறுத்திவிட்டார். தமிழ் அறிவுலகம் இசைத்தமிழை விட்டு இயற்றமிழை மட்டும் பற்றிக்கொண்டதன் ஓர் அடையாளமாக இந்நிகழ்ச்சியைக் கொள்ளலாம். எனினும் ஐயரவர்கள் தாம் இழந்ததை மறக்கவில்லை. 1936இல் பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார்கள். இன்று நாம் அவரைப்பற்றி அறிவன பெரும்பாலும் அந்நூலின் வழியே அறிவனவாகும். ஏட்டிலிருந்து சங்க நூல்களை மீட்ட அக்கை, கண்முன் வாழ்ந்து மறைந்த ஓர் இசைப்புலவரையும் மீட்டது.

பிள்ளையவர்களின் முதற்கருத்தை எளிதிற் புறந்தள்ளுதல் முறையன்று. பாரதியாரின் நூலில் உண்மையாகவே நெகிழ்ந்த இடங்கள் உள. எதுகை கருதி இட்ட வெற்றுச் சொற்களும், வடசொற்களின் முறையற்ற சிதைவுகளும் உள. இவற்றையெல்லாம் இசைநோக்கின என்று காத்தல் இயலாது. ஆயினும் திண்ணையிலிருந்து வந்த ஒலியைக் கேட்டு மனம் மாறியதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிள்ளையவர்கள் முன்னர் ஆராய்ந்தது எழுத்திலிருந்த நூலை. பின்னர்க் கேட்டது பாட்டை. எழுத்தில் வழுவாக நின்ற ‘இருக்குது’ போன்ற வழக்குச் சொற்கள் பாட்டில் நந்தனின் வாய்மொழியாக ஒலித்தன. பண்ணையாள் ஒருவன் நன்னூல் விதிப்படி பேசினால் அவன் துயர் நம்மை எட்டுமா? உலகவழக்கை நாடகத்திற்குரியதாகக் கொள்ளும் மரபு நமக்குப் புதிதன்று. அதை இசைநூலுக்கு மறுத்ததே புதிது.

பாரதியாரின் இசைப்புலமை கதைப்பாட்டோடு நிற்கவில்லை. அவர் திருவையாற்றிற்குச் சென்று தியாகராச சுவாமிகளைக் கண்டபோது, அங்கே மாணவர்கள் ஆபோகி இராகக் கீர்த்தனை ஒன்றைப் பாடக் கேட்டார் என்றும், அவ்விராகத்தில் நீர் ஏதேனும் இயற்றியதுண்டோ என்று சுவாமிகள் வினவ, விரைவிலேயே ‘சபாபதிக்கு’ எனத் தொடங்கும் கீர்த்தனையை இயற்றிப் பாடினார் என்றும் ஐயரவர்கள் கூறுவர். தியாகராசர் 1847இல் மறைந்தாராதலின் இச்சந்திப்பு அதற்கு முற்பட்டதாதல் வேண்டும். ஆபோகி பஞ்சமமும் நிடாதமும் இல்லாத ஐந்துசுர இராகம். இன்றுவரை அவ்விராகத்தின் இலக்கணத்தைக் காட்டும் உருப்படிகளுள் ஒன்றாகப் பாடகர்கள் பாரதியாரின் அக்கீர்த்தனையைப் போற்றுகின்றனர். இவர் திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோர் வரலாறுகளையும் கீர்த்தனைகளாக இயற்றினார். அவற்றுள் ஒன்றும் நந்தனார் சரித்திரத்தின் புகழை அடையவில்லை. காரணம் வெளிப்படை. அவ்வரலாறுகளில் வேதியரைப்போல் எதிர்நின்று மறுப்பவர் இல்லை. மீண்டும் மீண்டும் கேட்கவேண்டிய வினாவும் இல்லை.

இக்கீர்த்தனையின் செல்வாக்கைக் கதாகாலட்சேப மேடைகளிலும் இசையரங்குகளிலும் தேடுவது வழக்கம். அது சரியே. தஞ்சைக் கிருஷ்ண பாகவதர் முதலாய பாகவதர்கள் இதனை ஊர்தோறும் பரப்பினர். ஆயின் இதன் ஆழ்ந்த செல்வாக்கை உணர்த்துவது வேறொரு செய்தி. 1908ஆம் ஆண்டை ஒட்டிய தேசிய இயக்க நாட்களில் சுப்பிரமணிய பாரதியார் தம் அரசியற் பாடல்கள் சிலவற்றிற்கு நந்தனார் சரித்திர மெட்டுக்களை மேற்கொண்டார். அவற்றுள் ஒன்று, தன்னாட்சி வேண்டிய இந்தியனை நோக்கி ஆங்கில அலுவலன் இகழ்ந்துரைப்பதாக அமைந்தது. அதற்கு அவர் தேர்ந்த மெட்டு, மார்கழித் திருநாளுக்குச் செல்ல விரும்பிய நந்தனை வேதியர் இகழ்ந்து பாடும் பாட்டின் மெட்டு. அக்காலத்துக் கேட்போர்க்கு அம்மெட்டைக் கேட்டவுடன் வேதியரின் முகம் தோன்றியிருக்கும். அம்முகத்தின் மேல் வெள்ளை ஆண்டையின் முகத்தை வரைந்துகாட்டினார் கவிஞர். விடுதலை கேட்பவன் நந்தனாகிறான், சுயராச்சியம் தில்லையாகிறது, அரசின் காலக்கடத்தலே ‘நாளை’யாகிறது. சேக்கிழாரின் நந்தனாரைக்கொண்டு இதனைச் செய்திருக்க இயலாது. அங்கே இகழ்ந்து பாட ஆண்டை இல்லை. மூலத்தினின்றும் வழுவியது என்று குறைகூறப்பட்ட அப்படைப்பே ஒரு நாட்டின் குறையைச் சொல்லும் கருவியாயிற்று. மெட்டின் வழியே இன்னொன்றும் உணர்த்தப்பட்டது. வெள்ளையன் நம்மை நடத்துவது நாம் நந்தனை நடத்தியவாறே என்பது, கூறாமற் கூறப்பட்ட பொருள்.

பின்னர்த் திரைப்படங்கள் வந்தன. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்த படம் வெளிவந்தது. 1942இல் ஜெமினி நிறுவனத்தின் படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்தார். அவர் பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பணியாற்றினார். இப்படங்கள் எல்லாவற்றிலும் வேதியர் உண்டு. இன்று தமிழ்நாட்டில் நந்தனார் கதை அறிந்தோரைக் கேட்டால், நாற்பது வேலி நிலத்தையே முதலிற் கூறுவர். பறைத்துடவையும் யாழ்நரம்பும் கோரோசனையும் பெரியபுராணம் படித்தவர்க்கே தெரியும். வழிநூல் முதல்நூலை மக்கள் நினைவில் மூடிவிட்டது எனலாம். இதில் ஓர் இழப்பும் உண்டு. சேக்கிழாரின் நந்தனார் கோயில் இசைக்கருவிகளுக்குத் தோலும் நரம்பும் தந்தவர்; உள்ளே எழும் ஒலிக்கு உரியவராகவும் உள்ளே புகுதற்கு உரியரல்லாதவராகவும் நின்றவர். இசைப்புலவராகிய பாரதியார் இக்குறிப்பைப் பயன்கொள்ளாது விட்டது வியப்பே.

குறை இன்னும் ஒன்று உண்டு. ஆண்டையின் கொடுமையைப் பாரதியார் காட்டினாரேயன்றி அதன் முடிவை மனிதர் கையில் விடவில்லை. பூதகணங்கள் வந்து வேலையை முடித்தன, வேதியர் தெளிந்தார், ஆனால் மற்றைப் பண்ணையாட்கள் வயலிலேயே நின்றனர். நந்தனை இடித்துரைக்கும் சேரி முதியவர்களின் பாட்டுக்கள் நகைச்சுவைக்காக அமைந்தவை. அவர்கள் வழிபடும் தெய்வங்களை எளிமைப்படுத்துவன. தில்லையிலும் தீப்புகாமல் நுழைவு இல்லை. இதில் பாரதியார் சேக்கிழாரின் வழியிலேயே நின்றார். வேதியரின் வாயிலைத் திறந்தவர்க்குத் தில்லை வாயிலை வேறுவகையில் திறக்க மனமெழவில்லை. புதுமைப்பித்தனின் ‘புதிய நந்தன்’ சிறுகதையும், இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகமும் பாரதியார் நிறுத்திய இடத்திலிருந்தே தம் வினாக்களைத் தொடங்குகின்றன. அவை சினந்து எழுதப்பட்ட நூல்கள். அவற்றின் சினத்திற்கும் பாரதியாரின் வேதியரே வித்து.

இசையரங்குகளில் இந்நூல் இன்று முழுமையாக ஒலிப்பது அரிது. மாஞ்சியிலும் பெஹாகிலும் அமைந்த பாடல்கள் தனித்தனியே, பெரும்பாலும் கச்சேரியின் பிற்பகுதியில் பாடப்பெறுகின்றன. அங்கே கேட்பது நந்தனின் குரல் ஒன்றே. வேதியரின் பாட்டும் சேரி முதியவரின் பாட்டும் மேடைக்கு வருவதில்லை. யாரிடம் கேட்கிறான், எதற்காகக் கேட்கிறான் என்பது நீங்கி, வினா மட்டும் எஞ்சிநிற்கிறது. அதுவும் இறைவனை நோக்கிய பொதுவான உருக்கமாகக் கேட்கப்படுகிறது. தமிழ்த்துறைகளின் பாடத்திட்டங்களில் பெரியபுராணத்திற்கு உள்ள இடம் இந்நூலுக்கு இல்லை. இசைத்துறைகளிலோ சில கீர்த்தனைகள் சுரக்குறிப்போடு கற்பிக்கப்படுகின்றன. நூல் இரண்டு துறைகளுக்கும் நடுவே கிடக்கிறது. வசனங்களும் சிந்துகளும் லாவணியும் உட்பட முழுநூலையும், வேதியரின் பாட்டுக்களையும் விடாமல், மெட்டுக்குறிப்புக்களோடும் பாடவேறுபாடுகளோடும் ஆராய்ந்து பதிப்பிக்கும் பணியை இவ்விரு துறையினரும் கூடியே செய்தல் வேண்டும். அப்பதிப்பில் ‘வருகலாமோ’ என்பதை ‘வரலாமோ’ என்று திருத்திவிடாதிருத்தல் பதிப்பாசிரியரின் முதற்கடமை.